தொட்டால் சிணுங்காத நாய்: இயற்கையான உடல்நலப் பராமரிப்புக்கும் மென்மையான பயிற்சிக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

என் நாய் மணிக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். வெளியே ஓடியாடிவிட்டு வந்தவன் திடீரென்று தலையை வலது பக்கமாகச் சாய்த்து உதற ஆரம்பித்தான். காதைச் சொறிவான், தரையில் தேய்ப்பான், மறுபடி உதறுவான். நான் அந்த நாட்களில் ‘எல்லாமே இயற்கை’ கட்சி. மருந்து வாசனையே வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஒரு வீம்பு. எங்கோ படித்ததை நம்பி, வெதுவெதுப்பான எண்ணெயை வேளைக்கு இரண்டு சொட்டாக ஆறு நாள் காதில் விட்டேன். ஏழாம் நாள் காது வீங்கிவிட்டது. பக்கத்தில் போனாலே உறுமினான். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால், மயக்க ஊசி போட்டுத்தான் உள்ளே எட்டிப் பார்க்கவே முடிந்தது.

வெளியே வந்தது ஒரு புல் விதை. அதன் முட்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. முன்னே போகுமே தவிரத் திரும்பி வராது. நாயின் காதுக் குழாயும் ‘ட’ எழுத்து மாதிரி முதலில் கீழே இறங்கி, அப்புறம் பக்கவாட்டில் திரும்பும். விதை வளைவில் போய்ச் சிக்கிக்கொண்டது. நான் விட்ட எண்ணெய் அதற்கு வழுக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது.

வலியால் மட்டும் அந்த மயக்க ஊசி தேவைப்படவில்லை. நல்ல நாளிலேயே மணி யாரையும் காதைத் தொட விட்டதில்லை. நான் பழக்கியதும் இல்லை. உட்கார், படு, கை கொடு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன். காதைக் காட்டு என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து உடல்நலம் ஒரு பக்கம், பயிற்சி ஒரு பக்கம் என்ற பிரிவினை எனக்குப் போய்விட்டது. பயப்படாமல் தொட விடும் நாய்க்குத்தான் நோயை முதல் நாளிலேயே கண்டுபிடிக்க முடியும். இந்த வழிகாட்டியின் வரிசையும் அதை வைத்துத்தான்: முதலில் பார்ப்பது, அடுத்து தொடுவது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் படி: நன்றாக இருக்கும் நாளிலேயே கணக்கு எடுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு ‘வழக்கமாக எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?’ என்று டாக்டர் கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். அதனால் முதல் ஒரு வாரம் வைத்தியமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். பார்த்து எழுதுங்கள்.

மூச்சில் தொடங்கலாம். நாய் அசந்து தூங்கும்போது நெஞ்சு ஒரு முறை ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரும்பாலும் நிமிடத்துக்கு 30-க்குக் கீழேதான் இருக்கும். தூக்கத்திலும் 30-ஐத் தாண்டுவது நாள்தோறும் தொடர்ந்தால், இதயத்தையோ நுரையீரலையோ பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். கனவில் காலை உதைத்துக்கொண்டு வேகமாக மூச்சுவிடும் நேரத்தில் எண்ணிவிட்டுப் பதறாதீர்கள். நான் ஒரு ராத்திரி முழுக்கப் பதறியிருக்கிறேன்.

அடுத்து ஈறு. மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய ரோஜா நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளிறிய, நீலம் பாய்ந்த, மஞ்சளான அல்லது செங்கல் மாதிரி சிவந்த ஈறு என்றால் வைத்தியக் குறிப்பு தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, மருத்துவரிடம் போக வேண்டும். சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையைச் சற்று இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள்.

தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் மீதியைக் கழித்தால் கணக்கு வந்துவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லி சாதாரணம். ஈரமான உணவு சாப்பிடும் நாய் குறைவாகக் குடிக்கும், வெயில் நாளில் கூடும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டிப் பல நாள் குடித்தால் சிறுநீரகம், சர்க்கரை, ஹார்மோன் என்று பார்க்க வேண்டிய பட்டியல் இருக்கிறது.

உடல்வாகுக்குத் தராசு தேவையில்லை. உங்கள் கையை மேசைமேல் விரித்து வைத்துப் புறங்கை எலும்புகளை மற்றொரு கையால் தடவுங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. முஷ்டி மடக்கிய முட்டிபோல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் குண்டு. மேலிருந்து பார்த்தால் இடுப்புப் பக்கம் கொஞ்சமாவது உள்வாங்கியிருக்க வேண்டும்.

உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் அளவு அதற்குச் சாதாரணம். மூக்கு ஈரமாக இருந்தால் ஆரோக்கியம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். தூங்கி எழுந்த நாய்க்குப் பெரும்பாலும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். மலத்தின் உருவம், நிறம், எத்தனை முறை என்பதையும் கூச்சப்படாமல் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: தொடுவதைப் பழக்குவது

இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். முதலில் ஒரு குட்டி வார்த்தையைத் தேர்ந்தெடுங்கள். அன்றாடப் பேச்சில் அடிக்கடி வராததாக இருக்கட்டும். நான் ‘பலே’ என்கிறேன். சிலர் கிளிக்கர் என்ற சின்னக் கருவியை அழுத்துவார்கள். வார்த்தையைச் சொல்லி உடனே ஒரு தின்பண்டத் துணுக்கைக் கொடுங்கள். பட்டாணி அளவு போதும், சின்ன நாய்க்கு அதிலும் பாதி. பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்தால் ‘பலே’ என்றதும் நாய் காதை உயர்த்தி உங்கள் கையைப் பார்க்கும். அவ்வளவுதான், வார்த்தைக்கு மதிப்பு வந்துவிட்டது.

ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லவ் இதைத் தேடிப் போகவே இல்லை. அவர் ஆராய்ந்தது செரிமானம், அதற்குத்தான் 1904-ல் நோபல் பரிசும் கிடைத்தது. சோறு வைக்கும் முன்பே, வைப்பவரின் காலடிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுவது அந்த ஆய்வின் நடுவில் கண்ணில் பட்டது. அந்த எச்சிலைத்தான் நாமும் பயன்படுத்துகிறோம். ஒரு செயலுக்கும் பரிசுக்கும் நடுவே இரண்டு மூன்று விநாடி ஆனாலே எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குக் குழம்பும். ‘பலே’ அந்த இடைவெளிக்குப் பாலம் போடுகிறது.

நகம் வெட்டுவதை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளில் இது நாலு பேர் அமுக்கிப் பிடிக்கும் போராட்டம். நான் மணிக்குச் செய்தது இது. முதல் இரண்டு நாள், நகவெட்டியைத் தரையில் வைத்தேன். அவன் அதை முகர்ந்தால் பலே, துணுக்கு. மூன்றாம் நாள், தோளைத் தொட்டேன், பலே, துணுக்கு. கையை முழங்கால் வரை இறக்கினேன், பலே, துணுக்கு. பாதத்துக்கு வந்தபோது சட்டென்று காலை இழுத்துக்கொண்டான். நான் பிடித்து வைக்கவில்லை. மறுபடி முழங்காலுக்கே போனேன். ஐந்தாம் நாள் பாதத்தை என் உள்ளங்கையில் ஒரு விநாடி விட்டு வைத்தான். ஏழாம் நாள் நகவெட்டியின் குளிர்ந்த இரும்பை நகத்தில் வெறுமனே வைத்து எடுத்தேன். அடுத்த நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தீக்குச்சியை நறுக்கினேன், அந்த ‘நறுக்’ சத்தம் பழகுவதற்காக. பத்தாம் நாள் ஒரே ஒரு நகத்தின் நுனி. ஒன்றே ஒன்று! அதோடு நிறுத்திவிட்டு விளையாடப் போய்விட்டோம்.

சிலருக்குப் பத்து நாள், ஏற்கெனவே பயந்த நாய்க்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். ஒரு முறை கூட மூன்று முதல் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வெள்ளை நகத்தில் உள்ளே ரத்தக்குழாய் ரோஜா நிறக் கோடாகத் தெரியும், அதைத் தொடக் கூடாது. கறுப்பு நகத்தில் தெரியாது என்பதால் சீவுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் கரும்புள்ளி தென்பட்டதும் நிறுத்திவிடுங்கள். தவறி ரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சில நிமிடம் அழுத்தினால் நின்றுவிடும். தரையில் நடக்கும்போது நகம் ‘டக் டக்’ என்று கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது.

இதே முறையில் காது மடல், உதடு, வால் அடி, விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகப் போகலாம். நாய் போதும் என்று சொல்வதைக் கவனியுங்கள். சாப்பாடு எதுவும் இல்லாமலே உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரியும், உடம்பு விறைக்கும். இதில் ஒன்று வந்தாலும் ஒரு படி பின்னால் போங்கள். வால் ஆடுகிறதே என்று நினைக்காதீர்கள். விறைப்பாக உயர்த்தி வேகமாக ஆட்டும் வாலுக்கு அர்த்தம் வேறு.

மூன்றாம் படி: தட்டில் என்ன இருக்கிறது

‘நாய் என்பது ஓநாய்தான், பச்சை இறைச்சி மட்டும் போடு’ என்று சொல்பவர்கள் நிறைய. 2013-ல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பிரதிகளாக இருப்பதைக் காட்டியது. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அதன் வயிறு மாறிவிட்டது. பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். நாய் தாங்கிக்கொண்டாலும் அது நக்கும் குழந்தை தாங்காது. நான் வேகவைத்தே கொடுக்கிறேன்.

வீட்டில் சமைத்துப் போடுவது நல்ல எண்ணம்தான். ஆனால் வெறும் சோறும் இறைச்சியும் முழு உணவு ஆகாது. முக்கியமாக, இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு இந்த விகிதம் தவறினால் எலும்பு வளையும், முறியும். குட்டி, கர்ப்பிணி, வயதான நாய் ஆகியவற்றுக்கு வீட்டுச் சமையல் என்றால் கால்நடை உணவு தெரிந்த மருத்துவரிடம் ஒரு பட்டியல் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். எந்த உணவிலிருந்து எந்த உணவுக்கு மாறினாலும் ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பயிற்சித் துணுக்குகள் அன்றைய மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டும்போல் இருந்தால் அன்றைய உணவிலிருந்தே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இயற்கை உணவாகத் தெரிவது அதற்கு விஷமாக இருக்கலாம் என்பதற்குத் திராட்சையைவிட நல்ல உதாரணம் இல்லை. பச்சைத் திராட்சையும் சரி, உலர் திராட்சையும் சரி, சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெங்காயமும் பூண்டும், சமைத்தாலும் பொடித்தாலும், சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகை உண்டாக்கும். சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் நாய் உடம்பில் மெதுவாகத்தான் கரையும், அதனால் இதயத் துடிப்பு எகிறும். கறுப்பு சாக்லேட் இன்னும் ஆபத்து. சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், சில வகை வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் வரும் சைலிட்டால் ரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்திலேயே சரித்துவிடும். மக்கடாமியா கொட்டை, மது, ஈஸ்ட் கலந்த பச்சை மாவு எல்லாம் கூடாது. வெந்த எலும்பு கூரிய சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

நான்காம் படி: தோல், உண்ணி, தெள்ளு

தினமும் ஐந்து நிமிடம் சீவுவதைவிட மலிவான தோல் வைத்தியம் இல்லை. சீப்பு ஓடும்போதே கட்டி, புண், உண்ணி எல்லாம் கைக்குத் தட்டுப்படும். குளியல் அழுக்கு, வாசனை இவற்றைப் பொறுத்தது. ஆரோக்கியமான நாய்க்கு வாராவாரம் தேவையில்லை. மனிதர்களின் ஷாம்பு வேண்டாம். நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது.

தெள்ளுப்பூச்சி விஷயத்தில் பலரும் நாயை மட்டும் கழுவிக் கழுவி ஓய்ந்துபோகிறார்கள். கண்ணில் படும் வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்து சதவீதம்தான். மீதி எல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக விரிப்பிலும் தரை இடுக்கிலும் கிடக்கும். நாயின் படுக்கையை 60 டிகிரிச் சுடுநீரில் துவைப்பது, வேக்வம் கிளீனரால் மூலை முடுக்கெல்லாம் உறிஞ்சி அந்தக் குப்பையை உடனே வெளியேற்றுவது, இதை வாரக்கணக்கில் விடாமல் செய்வது: உண்மையான இயற்கை முறை இது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால் இரண்டு வாரத்தில் வெற்றி அறிவித்துவிடாதீர்கள்.

உண்ணி ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, அவசரமில்லாமல் நேராக மேல்நோக்கி இழுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது எல்லாம் வேண்டாம். உண்ணி கலவரப்பட்டுத் தன் எச்சிலைக் கூடுதலாக உள்ளே விடும், எர்லிகியா, பேபீசியா போன்ற நோய்கள் பரவும் வழியே அந்த எச்சில்தான். எடுத்த தேதியை நோட்டில் எழுதுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், சோர்வு, ஈறு வெளிறல், மூக்கில் ரத்தம் வந்தால் அந்தத் தேதி மருத்துவருக்கு உதவும்.

டீ ட்ரீ எண்ணெய் என்று ஒன்று இயற்கை வைத்தியப் பட்டியல்களில் தவறாமல் வரும். அதை நீர்க்காமல் தடவினால் நாய்க்குத் தள்ளாட்டமும் நடுக்கமும் வரும். பூண்டு கொடுத்தால் தெள்ளு ஓடிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ரத்தசோகைக்கு ஆதாரம் இருக்கிறது. வீட்டில் பூனையும் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: நாய்களுக்கான பல உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

பல்லைப் பற்றிச் சுருக்கமாக: தினமும் துலக்குங்கள். உதட்டைத் தூக்கப் பழக்கியிருந்தால் பாதி வேலை முடிந்தது. நாய்க்கான பற்பசை மட்டும், நம்முடையது வேண்டாம். கடிக்கக் கொடுக்கும் பொருளில் உங்கள் கட்டைவிரல் நகம் பதியாவிட்டால் அது பல்லை உடைக்கும் அளவுக்குக் கடினம்.

ஐந்தாம் படி: வீட்டு வைத்தியத்தின் எல்லை

வீட்டில் செய்யக்கூடியவை இருக்கின்றன, நன்றாக வேலையும் செய்கின்றன. லேசான மலச்சிக்கலுக்கோ இளகலுக்கோ உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த பூசணி ஒன்றிரண்டு கரண்டி. சிறு சிராய்ப்புக்கு உப்புநீர்க் கழுவல், நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு. மூட்டுவலிக்கு முதல் மருந்து எடை குறைப்பு. கூடவே வழுக்கும் தரையில் ஒரு விரிப்பு, ஒரே நீள நடைக்குப் பதில் மூன்று குட்டி நடை. சுறுசுறுப்பாக இருக்கும் வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு என்றால் எளிய உணவைச் சிறு சிறு பங்காகக் கொடுத்துப் பார்க்கலாம்.

வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ இவற்றுக்குக் கை வைத்தியம் கிடையாது. வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் நாயும் பிழைக்காது, கடிபட்டு அறிகுறி வந்துவிட்ட மனிதரும் அநேகமாகப் பிழைக்கமாட்டார். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, குறைந்தது 16 வாரம் வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைய ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு காலம் பிடிக்கும், அது இருக்கும்வரை ஊசியைச் செயல்பட விடாது. அதனால்தான் இத்தனை தவணை. நாய் கடித்தால் உடனே 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும், அப்புறம் நேரே மருத்துவமனை.

பாராசிட்டமால், இபுபுரோபென் போன்ற நம் வலிமாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: அடிக்காமல் படிய வைப்பது

‘அடியாத மாடு படியாது’ என்று நாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். நாய்க்கு இதோடு இன்னொரு கதையும் சேர்ந்துகொண்டது: நாய் தலைமைக்குப் போட்டி போடுகிறது, நீ அடக்கிக் காட்ட வேண்டும் என்பது. இதன் வேர் 1947-ல் ருடால்ப் ஷெங்கெல் கூண்டு ஓநாய்களைக் கவனித்து எழுதியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை அடைத்து வைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அம்மா, அப்பா, பிள்ளைகள். தலைமை ஓநாய் என்ற சொல்லைத் தன் எழுத்தால் பரப்பிய டேவிட் மெக் என்ற ஆய்வாளரே 1999-ல் அது பொருந்தாது என்று விளக்கி எழுதினார். கதை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது.

அடி ஏன் பலிப்பதில்லை? தரையில் சிறுநீர்க் குட்டை. நீங்கள் பார்த்ததோ பத்து நிமிடம் கழித்து. மூக்கை அதில் தேய்த்தால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதர் இருக்கும்போது போகக் கூடாது, சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும். தலையைத் தொங்கப்போடுவது குற்ற உணர்ச்சி என்று நாம் நினைக்கிறோம். அது உங்கள் குரலுக்குப் பயந்த முகம்.

கழிப்பறைப் பழக்கத்துக்கு எளிய வழி: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். முடித்த நொடியில், அங்கேயே, பலே, துணுக்கு. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குத்தான் கூலி. பகலில் ஒரு குட்டி அடக்கி வைக்கும் நேரம் அதிகபட்சம் வயது மாதத்தோடு ஒன்று கூட்டினால் வரும் மணிக்கணக்கு. மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம், அதுவும் நல்ல நாளில். கறையை நொதி கலந்த கிளீனரால் துடையுங்கள். அம்மோனியா கலந்ததைப் போட்டால் அதன் வாசனை ‘இங்கேதான் போக வேண்டும்’ என்று அழைக்கும்.

குட்டி கையைக் கடிக்கிறதா? பால் பற்கள் 28 விழுந்து நிலைப் பற்கள் 42 வருகிற காலம் அது, ஏழு மாதம் வரை நீளும். கையை இழுத்தால் விளையாட்டு சூடாகும். கையைச் சும்மா விட்டு, ஒரு பொம்மையை வாயில் கொடுங்கள். தொடர்ந்தால் சத்தம் போடாமல் எழுந்து அரை நிமிடம் போய்விடுங்கள்.

கூப்பிட்டால் வருவதுதான் எல்லாப் பயிற்சியிலும் விலை உயர்ந்தது, ஒரு நாள் அதன் உயிரைக் காப்பாற்றும். வீட்டுக்குள் ஐந்தடி தூரத்தில் தொடங்குங்கள். பெயரும் ‘வா’வும் ஒரே ஒரு முறை, சொல்லிவிட்டுப் பின்பக்கமாக ஓடுங்கள், துரத்தி வரும். வந்ததும் மிகப் பிடித்த துணுக்கு, அப்புறம் ‘போ, விளையாடு’ என்று திருப்பி அனுப்பிவிடுங்கள். வெளியே போகும்போது பத்து மீட்டர் நீளக் கயிறு. குளிப்பாட்டவும் கயிறு மாட்டவும் ஊசி போடவும் அந்த வார்த்தையைப் பயன்படுத்தாதீர்கள், நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். ‘வா’ என்றால் கெட்டது நடக்கும் என்று இரண்டு முறை தெரிந்தால் போதும், மூன்றாவது முறை கேட்காத மாதிரிப் புல்லை முகர்ந்துகொண்டிருக்கும்.

கயிற்றை இழுக்கும் நாய்க்கு மார்புப் பட்டை மாட்டுங்கள், கழுத்துக்கு நல்லது. இழுத்தால் மரமாக நில்லுங்கள். கயிறு தொய்ந்ததும் நடங்கள். முதல் நாள் அரை மணி நேரத்தில் நாலு வீடுகூடத் தாண்டமாட்டீர்கள், பரவாயில்லை. முகரவும் விடுங்கள். நம் மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஐம்பது அறுபது லட்சம், நாய்க்குப் பல கோடி. ஒரு கம்பத்தடியில் இரண்டு நிமிடம் முகர்வது அதற்கு நாளிதழ் படிப்பது மாதிரி. பாதியில் பிடுங்காதீர்கள். வெயில் நாளில் கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

குட்டி பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை உலகத்தை நம்பக் கற்கும் ஜன்னல் திறந்திருக்கிறது. குடை, தொப்பி, சக்கர நாற்காலி, குழந்தையின் அழுகை, மிக்ஸி சத்தம் எல்லாவற்றையும் தூரத்தில், துணுக்கோடு அறிமுகப்படுத்துங்கள். தடுப்பூசி முடியவில்லையே என்றால் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்.

உறுமலை அடக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை மணி. திட்டித் திட்டி அதை நிறுத்தினால் அடுத்த முறை மணி அடிக்காமலே கடிக்கும். சாப்பாட்டுத் தட்டருகே உறுமினால் தட்டைப் பிடுங்கிக் காட்டுவதும் வேண்டாம். தூரமாகக் கடந்து போகும்போதே தட்டை நோக்கி அதைவிட ருசியான ஒன்றைப் போட்டுவிட்டு நில்லாமல் போய்விடுங்கள். நாளடைவில் நீங்கள் வருவதைப் பார்த்துத் தலை நிமிரும். ஏற்கெனவே பல் பதித்திருந்தால் தனியாக முயலாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். திடீர்க் கோபத்துக்குப் பின்னால் வலி இருப்பது மிகச் சாதாரணம். தனியாக விட்டால் எச்சில் ஒழுக ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டும் நாய்க்கும் இதே பேச்சுதான். மருந்து தேவைப்பட்டால் கொடுப்பதில் தோல்வி ஒன்றும் இல்லை.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இவற்றுக்கு நோட்டும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால், முக்கியமாகப் பெரிய, நெஞ்சு ஆழமான நாய் என்றால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மணிக்கணக்கில் உயிர் போய்விடும். குட்டிக்கு வாந்தியோடு ரத்தப்பேதி. சிறுநீர் கழிக்க முக்கியும் வராமல் இருப்பது. ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு. ஈறு வெளுப்பது. விஷப்பொருள் தின்றது தெரிந்தால் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள், நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

வெப்பத்தாக்குக்கு மட்டும் புறப்படும் முன்பே வேலை தொடங்க வேண்டும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வியர்க்குமே தவிர, உடம்பைக் குளிர்விப்பது மூச்சிரைப்புதான். சப்பை மூக்கு நாய்க்கு அதுவும் போதாது. நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பெல்லாம் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே தங்கும். ஊற்றிக்கொண்டே வண்டிக்குப் போங்கள்.

கடைசிப் படி: தாடையை வைத்துச் சம்மதம் சொல்வது

மேலே உள்ளதெல்லாம் பழகிய பிறகு இதைச் செய்யுங்கள். ஒரு மடித்த துண்டை நாற்காலியில் வையுங்கள். துணுக்கைக் காட்டி நாயின் தலையை அதன்மேல் கொண்டுவந்து, தாடை படிந்ததும் பலே. முதலில் ஒரு விநாடி, பிறகு மூன்று, பத்து. தாடை நிலையாகத் தங்கும்போது காது மடலைத் தொடுங்கள். தாடையைத் தூக்கினால் உங்கள் கை உடனே விலக வேண்டும், விதிவிலக்கே கிடையாது. ‘தூக்கினால் நிறுத்துவார்கள்’ என்பது புரிந்தால், தூக்குவது தானாகக் குறையும். மடலைப் புரட்டுவது, மருந்துக் குப்பியை அருகில் கொண்டுவருவது, மூடியோடு காதில் வைப்பது, ஒரு சொட்டு: இந்த வரிசையில் போங்கள். காதுக்குள் பஞ்சுக்குச்சி விடாதீர்கள். மருத்துவர் சொன்ன திரவத்தை விட்டு, காதின் அடியைப் பிசைந்து, வெளியே வருவதைத் துடைத்தால் போதும்.

புல் விதைக்கு ஒன்றரை வருடம் கழித்து மணிக்கு அதே வலது காதில் பூஞ்சை வந்தது. மடலுக்குள் லேசாகச் சிவந்து, புளித்த வாசனை வந்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். பத்து நாள் சொட்டு மருந்து. வேளை வந்தால் துண்டை எடுத்து வைப்பேன், வந்து தாடையைச் சாய்ப்பான். நான்காம் நாள் இரண்டாவது சொட்டுக்கு முன் தலையைத் தூக்கினான். குப்பியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அறையை ஒரு சுற்று சுற்றினான், தண்ணீர் குடித்தான், திரும்பி வந்து ஈரத் தாடையோடு மறுபடி துண்டின்மேல் படுத்துக்கொண்டான்.